அழுக்காகாத ஏழாம் அட்டை

ஃபுல்க்ரான் தெல்ப்ரேல் வானத்தில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்த வால்நட்சத்திரத்துக்கும் அவர் பெயர் கிடையாது. வானியலாளர் என்றதும் புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டவர் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்த ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது நட்சத்திரங்கள் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றனவா என்று இருபத்தோரு ஆண்டுகள் பார்த்தார். இருந்தன.

அவர் கால்வாய் மதகுக்காரர் ஒருவரின் மகன். படகு வந்தால் மதகைத் திறப்பது, போனால் மூடுவது என்று வளர்ந்தவர். உதவித்தொகையில் படித்தார். பாரிஸ் போவதற்கான தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஒரே வினாவில் தவறினார். பிறகு 1884-இல் ஓர்ஸாக் நகரத்துக்கு மேலே இருக்கும் வானாய்வுக்கூடத்துக்கு வேலை கேட்டு வந்தார். அதை நாங்கள் 'குன்று' என்றுதான் சொல்வோம். அப்போதிருந்த இயக்குநர் அவரிடம் ஒரே கேள்வி கேட்டாராம்.

"கண்ணு எப்படி?"

"ரெண்டும் இருக்கு, முசியே."

வேலை கிடைத்தது. நான் எட்டு ஆண்டுகள் கழித்து மழையையும் காற்றையும் அளக்கும் வேலைக்கு அங்கே போனபோது, அவர் ஏற்கெனவே குன்றின் சாமான்களில் ஒன்றாக ஆகியிருந்தார்.

அவர் வேலை இது. தெற்கு வடக்காக மட்டும் அசையும் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதை நாங்கள் 'குழாய்' என்போம். வலமோ இடமோ திரும்பாது. நட்சத்திரம்தான் தானாக அதன் எதிரே வரவேண்டும். குழாய்க்குள் சிலந்தி நூல் ஐந்து நெடுக்காகக் கட்டியிருக்கும். நட்சத்திரம் ஒரு பக்கமாக நுழைந்து ஐந்து நூலையும் ஒவ்வொன்றாகத் தாண்டி மறுபக்கம் போகும். பக்கத்தில் கடிகாரம் நொடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் கண்ணை நட்சத்திரத்திலும் காதைத் தட்டலிலும் வைத்துக்கொண்டு, எந்தத் தட்டலுக்கும் எந்தத் தட்டலுக்கும் நடுவே நூலைத் தாண்டியது என்று பிடிக்கவேண்டும். பிடித்தபின், அந்த ஒரு நொடியை மனதுக்குள் பத்தாக வெட்டி, அதில் எத்தனையாவது துண்டு என்று முடிவுசெய்து எழுதவேண்டும். மணி, நிமிடம், நொடி எல்லாம் கடிகாரத்துடையவை. கடைசி எண் மட்டும் மனிதனுடையது.

வேறு கூடங்களில் அதற்குள், நூலைத் தாண்டும்போது அழுத்தினால் நேரத்தைத் தானே குறித்துவிடும் மின்பொத்தான் வந்துவிட்டிருந்தது. குன்றில் பழைய முறையே தொடர்ந்தது. பாதி வேலை ஒரு முறையிலும் பாதி வேறு முறையிலும் இருந்தால் நட்சத்திர அட்டவணை கெட்டுப்போகும் என்பது காரணம். அட்டவணை முடிகிற வரைக்கும் ஒரே ஆள், ஒரே காது என்று வைத்துக்கொண்டார்கள். தெல்ப்ரேலின் காது.

அவர் மனைவி ஸெலி, ஓர்ஸாக் செருப்புக்கடைக்காரரின் மகள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரைப் போல அந்த அம்மாளும் கணவரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"தெல்ப்ரேல், சூப்பு வேணுமான்னு கேட்டேன். பதில் வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு."

"வேணும்னு சொல்லத்தான் வந்தேன், ஸெலி."

"எப்ப வந்தீங்க? கல்யாணத்தன்னிக்கு சம்மதமான்னு பாதிரியார் கேட்டப்பவும் இப்படித்தான். எங்கப்பா கெளம்பிடலாம்னு தொப்பியைத் தேட ஆரம்பிச்சுட்டாரு."

இதில் மிகை கொஞ்சம்தான். தெல்ப்ரேல் எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார். கேள்வி அவரை அடைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டபின் பேசுகிறார் என்று குன்றில் சொல்வார்கள். குளிர்காலத்தில் மரச்செருப்புக்குள் வைக்கோல் திணித்து, தோளில் ஆட்டுத்தோல் போர்த்தி, பச்சை வெங்காயமும் ரொட்டியும் தின்றுவிட்டுக் குழாய்க்குப் போவார். அவருக்குப் பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேலை மாறவில்லை. கதவில் இருந்த பெயர்ப்பலகை மாறியது.

1905-ஆம் ஆண்டு கோடையில் அட்டவணை ஏறக்குறைய முடிந்துவிட்டது. நூற்றுப்பத்து நட்சத்திரங்கள் மட்டும் மூன்றாம் முறை பார்க்கப்படக் காத்திருந்தன. அச்சகத்துடன் பேசியாகிவிட்டது. அப்போதுதான் கணக்கறையில் மத்மொசேல் பூஸ்கே தன் அட்டைகளைப் புதுப்பிக்க நினைத்தார்.

எர்மான்ஸ் பூஸ்கே மணமாகாத பெண்; அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். தெல்ப்ரேல் எழுதிய நேரங்களைக் கோணங்களாக மாற்றுவது அவர் வேலை. அதற்காகப் பத்து அட்டைகள் வைத்திருந்தார். கடைசி எண் சுழியா, ஒன்றா, இரண்டா என்று பார்த்து அதற்குரிய அட்டையை எடுத்து, அதில் உள்ள எண்ணைக் கூட்டுவார். ஆறு ஆண்டுகளாக அதே அட்டைகள். ஓரங்கள் கறுத்து, மூலைகள் மடங்கி, சிலவற்றில் எண்களே தேய்ந்திருந்தன. புது அட்டைக்கு விண்ணப்பம் எழுதுவதற்காக எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார். ஒன்பது அட்டைகள் அடுப்படித் துணிபோல இருந்தன. ஏழாம் அட்டை வாங்கிய நாளில் இருந்ததுபோல வெள்ளையாக இருந்தது.

விண்ணப்பத்தை ஒத்திவைத்துவிட்டு அவர் எண்ண ஆரம்பித்தார். இருபத்தோரு ஆண்டுக் குறிப்பேடுகளில் தொண்ணூற்றையாயிரம் கடைசி எண்கள் இருந்தன. நியாயப்படி அதில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஏழுகள் இருக்கவேண்டும். இருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. காணாமல்போன மற்றவை ஆறிலும் எட்டிலும் ஏறக்குறையச் சரிபாதியாகப் போய் உட்கார்ந்திருந்தன.

கணக்கறையில் இருப்பவர்கள் எதையும் துணை இயக்குநர் வழியாகத்தான் சொல்லவேண்டும் என்பது விதி. துணை இயக்குநர் தெவ்னார் பாரிஸிலிருந்து வந்தவர். சுத்தமான சட்டைக் கைப்பட்டை அணிபவர். எண்ணிக்கையை எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார் என்று பூஸ்கே பிறகு சொன்னார்.

"மத்மொசேல், வானத்துல ஏழு இல்லாமப் போகுமா?"

"போகாது, முசியே."

"அப்ப எண்ணு வானத்துலேர்ந்து வரலை. மனுஷன் சும்மா உக்காந்து எண்ணை எழுதினா ஒண்ணு ரெண்டு எண்ணை மறந்துடுவான். எல்லா மோசடிக் கணக்கும் இப்படித்தான் மாட்டும்."

"அவரு சும்மா எழுதினாருன்னு நான் சொல்லலை."

"நீங்க சொல்லலை. உங்க தாள் சொல்லுது."

தெவ்னார் கெட்டவர் அல்ல. அவர் வாதத்தில் ஓட்டை கிடையாது. ஓட்டையில்லாத வாதங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆனால் பயம் பதில் ஆகாது. என் வானிலைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், தெல்ப்ரேல் எழுதிய நாட்களிலெல்லாம் வானம் தெளிவாக இருந்தது என்று காட்டினேன். தெவ்னார் பொறுமையாகப் பார்த்தார்.

"வானம் முழிச்சிருந்துச்சுன்னு இது சொல்லுது. ஆளு முழிச்சிருந்தாருன்னு எங்க சொல்லுது?"

இயக்குநர் வயதானவர், ஓய்வுக்கு ஓராண்டு இருந்தது. அட்டவணை ஒன்றுதான் அவர் விட்டுப்போகப்போகும் வேலை. அவர் நிலைமையை இப்படி வைத்தார். தெல்ப்ரேலின் காதுக்கே ஏழாம் துண்டு எட்டவில்லை என்றால், அது உடற்குறை. எவ்வளவு தவறு என்று அளந்து, திருத்தம் போட்டு, அட்டவணையை அச்சிடலாம். காது சரியாக இருந்து, அவரே எண்ணை இட்டுக்கட்டினார் என்றால், ஆறாயிரத்துச் சொச்சம் நட்சத்திரமும் குப்பை, ஆளும் வெளியே. எது என்று அறிய ஒரு பொறி பாரிஸில் இருந்தது. சிறு விளக்கு ஒன்று நட்சத்திரம்போல ஊர்ந்து ஐந்து நூல்களைத் தாண்டும். தாண்டும் கணத்தில் பொறியே ஒரு காகித நாடாவில் துளையிடும். பார்ப்பவர் எழுதியது பொய்யா மெய்யா என்று நாடா சொல்லிவிடும். பொறி வர மூன்று வாரம் ஆகும்.

"அதுவரைக்கும் தெல்ப்ரேலுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது," என்றார் இயக்குநர். "தெரிஞ்சுட்டா இயல்பா எழுதமாட்டாரு. அவரு முன்னாடி யாரும் இதைப் பத்தி வாயைத் தொறக்கவேணாம்."

குன்றில் எல்லோரும் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்பவர்கள். உத்தரவை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்தோம். இரண்டே நாளில் குன்றில் 'ஏழு' என்ற சொல் நின்றுபோனது. யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. தெல்ப்ரேல் எதிரே வந்தால் நாக்கு தானாகச் சுற்றிக்கொண்டு போனது. எங்கள் இரவுச் சாப்பாட்டு மணி ஏழுக்கு அடிப்பது. அதை 'சாப்பாட்டு மணிக்கு' என்று சொன்னோம். வாயிற்காவலர் புரோஸ்பேர் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, "ஆறு உங்களுக்கு. அப்புறம் இதோ இன்னொண்ணு," என்றார். தெல்ப்ரேல் கடிதங்களை வாங்கிக்கொண்டு, வழக்கம்போலக் கொஞ்ச நேரம் கழித்து நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் நால்வர் சீட்டாடுவது வழக்கம்: தெல்ப்ரேல், புரோஸ்பேர், ஸெலி, நான். எங்கள் சீட்டுக்கட்டில் ஏழுதான் மிகச் சின்னச் சீட்டு. போடும்போது சீட்டின் பெயரை உரக்கச் சொல்லிப் போடவேண்டும். அந்த ஞாயிறு புரோஸ்பேர் கையில் ஏழு வந்தது. சீட்டை மேசைமேல் வைத்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"என்ன போட்டே?" என்றார் தெல்ப்ரேல்.

"கண்ணால பாருங்க முசியே."

"சொல்லிப் போடு. ஆட்டம்னா ஆட்டம்."

"பயபுள்ள... சின்னவன். பூ ஜாதிச் சின்னவன்."

ஸெலி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த சுற்றில் என் கைக்கு இஸ்பேடு ஏழு வந்தது. "எட்டுக்குக் கீழ," என்றேன் நான். அந்தச் சொல்லைவிட மோசமான ஒன்றை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

தெல்ப்ரேல் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். முற்றத்தில் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"புதன்கிழமைலேர்ந்து இந்தக் குன்றுல ஒரு எண்ணு செத்துப்போயிருக்கு," என்றார். "துக்கம் யாரு வீட்டுலன்னு மட்டும் யாரும் சொல்லமாட்டேங்கறீங்க."

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கணக்கறைக்குப் போனார். பூஸ்கே ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கேதான் இருப்பார். நானும் பின்னால் போனேன். தடுக்கவா, பார்க்கவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

"மத்மொசேல், என் எண்ணுங்களை நீங்கதானே மாத்தறீங்க? எதை வெச்சு மாத்தறீங்களோ அதைக் காட்டுங்க."

பூஸ்கே பொய் சொல்லத் தெரியாதவர். உத்தரவு வாயைத் திறக்கக்கூடாது என்பது. அதனால் வாயைத் திறக்காமல் அட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். தெல்ப்ரேல் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெள்ளை அட்டை வந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் இருபுறமும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"எத்தனை?"

"எரநூத்திப் பன்னெண்டு. தொண்ணூத்தஞ்சாயிரத்துல."

"அதுவே எப்படி வந்துச்சுன்னு தெரியலை." அட்டையை மறுபடி புரட்டினார். "எனக்கு ஆறு கேக்கும், மத்மொசேல். எட்டு கேக்கும். நடுவுல ஒரு சந்து இருக்குன்னே தெரியாது. முசியே தெவ்னார் என்ன சொல்றாரு?"

"நீங்களே இட்டுக்கட்டி எழுதினீங்கன்னு."

"அவரு இடத்துல இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன்." அட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். "பொறி வருதா?"

"வருது."

"அப்ப கேளுங்க. பொறி முன்னாடி நான் ஏழு எழுதினா, காது சரியா இருக்குன்னு ஆகும், இட்டுக்கட்டினவன் ஆவேன். எழுதாம விட்டா, தெரிஞ்சே விட்டவன் ஆவேன், அதுவும் இட்டுக்கட்டறதுதான். நேத்து வரைக்கும் நான் நேர்மையா தப்பு பண்ணிக்கிட்டிருந்தேன். இனிமே அது முடியாது."

"கேக்கறதை எழுதுங்க, முசியே."

"இப்ப ஏழு ஒண்ணுதான் கேக்குது," என்றார் தெல்ப்ரேல்.

மறுநாள் காலை அவரே இயக்குநரிடம் போய்த் தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டார். இயக்குநர் மேசையைத் தட்டினாராம்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்லாம இருந்தீங்க, முசியே."

பொறி கிளம்பிவிட்டது; திருப்பி அனுப்ப வழியில்லை. சோதனை நடக்கட்டும் என்று முடிவாயிற்று. நடுவில் இருந்த நாட்களில் தெல்ப்ரேல் விறகு பிளந்தார். இந்தக் குறை ஏன் வந்தது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பாதிரியார் ஏழு புனிதமான எண் என்பதில் ஏதோ இருக்கிறது என்றார். என்ன என்று சொல்லவில்லை. புரோஸ்பேர், தன் சித்திக்குப் பச்சை நிறம் ஆகாது, அந்த மாதிரி என்றார். ஸெலி நேரடியாகக் கேட்டார்.

"தெல்ப்ரேல், சந்தையில ஏழு முட்டை வாங்கினதே இல்லையா நீங்க?"

"வாங்கியிருக்கேன்."

"முட்டை தெரியுது. நட்சத்திரம் தெரியலையா?"

"முட்டை நகராது, ஸெலி."

அந்த அம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கிணற்றடியில் என்னிடம், "அந்தப் புஸ்தகத்தை அச்சடிக்கலைன்னா அந்த மனுஷன் செத்துடமாட்டாரு. எனக்குத் தெரியும். சாப்பிடுவாரு, தூங்குவாரு. இருபத்தோரு வருஷம் எங்க இருந்தோம்னு மட்டும் அவருக்குத் தெரியாமப் போயிடும்," என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பரில் சோதனை நடந்தது. நூலகத்தின் ஜன்னல்களை மூடி, பட்டப்பகலில் இருட்டாக்கினார்கள். கீழே சரிவில் திராட்சை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வண்டிச் சத்தம் வந்தது. தெல்ப்ரேல் மரச்செருப்போடும் ஆட்டுத்தோலோடும் வந்து உட்கார்ந்தார். வெளியே நல்ல வெயில். ஆனால் வேறு எப்படியும் அவருக்கு எண்ணத் தெரியாது. விளக்கு ஊர்ந்தது. கடிகாரம் தட்டியது. இரண்டு நாளில் இருநூறு முறை, முறைக்கு ஐந்து நூல், ஆயிரம் எண்கள் எழுதினார். நடுவில் ஒரு முறை கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் தெவ்னார் அந்த ஆயிரத்தையும் எண்ணி முடித்தார். எங்களை அறைக்குக் கூப்பிட்டிருந்தார் இயக்குநர்.

"முசியே தெல்ப்ரேல், உங்களை அவமானப்படுத்தணும்னு எனக்கு ஆசை இல்லை," என்றார் தெவ்னார். அது உண்மை. "இருபத்தோரு வருஷத்துல எரநூத்திப் பன்னெண்டு ஏழு எழுதியிருக்கீங்க. இந்த ரெண்டு நாள்ல எரநூத்தி முப்பத்தொண்ணு."

"நானும் எண்ணினேன்," என்றார் தெல்ப்ரேல்.

"அப்ப காது கேக்குது."

"கேக்கற மாதிரி இருந்துச்சு. எழுதினேன்."

இயக்குநர் தாளை மடித்து வைத்தார். அட்டவணையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பாரிஸுக்கு எழுதப்போவதாகச் சொன்னார். கடிதம் திங்கள்கிழமைத் தபாலில் போகும். தெல்ப்ரேல் தலையசைத்தார், அவர் வழக்கத்துக்கு மாறாக, உடனே.

கதவருகே நின்றிருந்த பூஸ்கே அப்போது கேட்டார்: "நாடாவை யாரு படிச்சது?"

யாரும் படிக்கவில்லை. தெல்ப்ரேல் எழுதியதை மட்டும் எண்ணியிருந்தார்கள். நாடாவில் உள்ள துளைகளை அளந்து படிப்பது கணக்கறையின் வேலை. கணக்கறைக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. உத்தரவு இல்லாததால் நாடா சுருட்டியபடியே நூலக மேசையில் கிடந்தது. விதிகளை மதிக்கிற இடங்களில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது.

"அதுல என்ன இருக்கப்போகுது?" என்றார் தெவ்னார்.

"உண்மையான எண்ணு இருக்கும், முசியே."

இயக்குநர் கையசைத்தார். அதை அனுமதி என்று பூஸ்கே எடுத்துக்கொண்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கணக்கறை ஜன்னலில் அவர் தலை குனிந்தே இருந்தது. புரோஸ்பேர் ரொட்டியும் உலர்ந்த பிளம் பழமும் கொண்டுபோய் வைத்தார். திங்கள் காலை புரோஸ்பேர் கழுதையைத் தபால் வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தபோது, பூஸ்கே நான்கு தாள்களோடு முற்றத்தைக் கடந்து போனார். நான் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மழை இல்லை. தாள்களைத் தூக்கிக் காட்டி என்னையும் வரச்சொன்னார்; சாட்சிக்கு ஒரு ஆள் நல்லது என்றார். இயக்குநர் அறையில் தெவ்னாரும் தெல்ப்ரேலும் ஏற்கெனவே இருந்தார்கள். உறை ஒட்டிய கடிதம் மேசைமேல் இருந்தது.

"விளக்கு நெஜமாவே ஏழாம் துண்டுல நூலைத் தாண்டினது தொண்ணூத்தெட்டு தடவை," என்று பூஸ்கே ஆரம்பித்தார். "அதுல முசியே தெல்ப்ரேல் ஏழுன்னு எழுதினது இருபத்திமூணு. மிச்சத்தைப் பழையபடியே ஆறுன்னும் எட்டுன்னும் எழுதியிருக்காரு."

"அவரு எழுதின மத்த ஏழெல்லாம்?" என்று கேட்டார் இயக்குநர். அவர் வாயிலிருந்து அந்த எண் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எங்க வேணாலும் இருக்கு, முசியே. சுழியில இருக்கு, மூணுல இருக்கு, அஞ்சுல இருக்கு. அவரு எழுதினதுல நாலுல ஒண்ணு கிட்டத்தட்ட ஏழு. நெஜமான ஏழுலயும் நாலுல ஒண்ணுதான் ஏழுன்னு எழுதியிருக்காரு. காதை அடைச்சுக்கிட்டு அங்கங்க ஏழைத் தூவினா எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவுதான் பொருந்துது. எழுதத் தெரிஞ்சுது. கேக்கத் தெரியலை."

தெவ்னார் முன்னால் சாய்ந்தார். "வேணும்னே மாத்தி எழுதியிருக்கலாமே? விஷயம் தெரிஞ்ச ஆளு."

"அப்படி மாத்தணும்னா ஆயிரம் தடவையும் முதல்ல சரியாக் கேக்கணும். கேட்டுட்டு, கணக்கு இம்மியும் பிசகாம, நாலுக்கு மூணைக் கெடுக்கணும். மனசுக்குள்ளயே, தட்டலுக்குத் தட்டல். அது முடியற ஆளுன்னா, முசியே, இருபத்தோரு வருஷமா அவரைத் தப்பான அறையில உக்கார வெச்சிருக்கோம். கணக்கறைக்கு அனுப்பியிருக்கணும்."

தெவ்னார் நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கீழே புரோஸ்பேர் கழுதையோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"நான் சொன்னது தப்பு," என்றார் தெவ்னார். "திருத்தத்தை நானே எழுதறேன்."

அவ்வளவுதான். தெவ்னாரோடு பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் உண்டு, அது இது.

இயக்குநர் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டார். புரோஸ்பேர் வெறும் பையோடு கீழே போனார்.

எல்லோரும் எழுந்தபோது தெல்ப்ரேல் எழவில்லை. பூஸ்கேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்மொசேல், இன்னும் நூத்திப்பத்து நட்சத்திரம் மிச்சம் இருக்கு."

பூஸ்கே தாள்களை அடுக்கினார். அடுக்கியவற்றை மறுபடி அடுக்கினார்.

"பழைய தப்பு ஒரே மாதிரி இருந்துச்சு, முசியே. அதனால திருத்தமுடியும். இப்ப நாடாவுல பாத்தேன்: ரெண்டாம் நாள் மதியத்துக்கு மேல உங்க ஆறும் எட்டும்கூட ஆட ஆரம்பிச்சுடுச்சு. ஏழைத் தேடறீங்க. தேடற காது அது. அதை வெச்சு இனிமே..."

"இனிமே குழாய்ல உக்காரமுடியாது."

"ஆமா."

"அட்டவணை?"

"அட்டவணை நிக்கும்."

தெல்ப்ரேல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

"அப்ப சரி," என்றார்.

மீதி நட்சத்திரங்களை இன்னொருவர் மின்பொத்தானோடு பார்த்து முடித்தார். அட்டவணை 1909-இல் இரண்டு பாகமாக வெளிவந்தது. முதல் பாகத்தின் பதினான்காம் பக்கத்தில் தெவ்னார் எழுதிய திருத்தமும், பத்து எண்கள் கொண்ட சிறிய கட்டமும் இருக்கின்றன. எந்தக் கடைசி எண்ணை எவ்வளவு நம்பவேண்டும் என்று அது சொல்லும். அதற்குத் தெல்ப்ரேல் பெயரை வைத்திருக்கிறார்கள். வானத்தில் அவர் பெயரில் எதுவும் இல்லை என்றேன். காகிதத்தில் இது இருக்கிறது. தான் கேட்காமல் விட்ட ஒன்றுக்குப் பெயராக இருப்பது மரியாதைதானா என்று நான் யோசித்ததுண்டு. நம் எல்லோரிடமும் அப்படி ஒரு வெள்ளை அட்டை இருக்கக்கூடும். பெரும்பாலானவர்களுக்கு அதை எண்ணிப்பார்க்க ஒரு பூஸ்கே கிடைப்பதில்லை. புத்தகம் வந்த அன்று தெல்ப்ரேல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அச்சுப்பிழை இல்லை என்றார்.

அவருக்கு மழையளக்கும் வேலையைக் கொடுத்தார்கள். என்னைச் சூரியனைப் படம் எடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். மழைமானியில் தேங்கிய நீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மில்லிமீட்டரும் அதில் பத்தில் ஒரு பங்கும் எழுதவேண்டும். முதல் வாரம் அவர் குவளையை எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கோடுகள் நகராதவைதான். இருந்தும் அவர் தன் கண்ணை நம்பவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து ஸெலி குவளையைப் பார்த்துச் சொல்ல, அவர் எழுதினார். விதிப்படி அது தவறு. யாரும் கேட்கவில்லை.

1911 ஜனவரியில் ஒரு காலை, பழைய பதிவேடு ஒன்றைத் தேடி அங்கே போனேன். விடிய விடிய மழை பெய்து விட்டிருந்தது. ஸெலி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். தெல்ப்ரேல் வாசற்படியில் பதிவேட்டோடு நின்றார்.

"பதினொண்ணு புள்ளி ஏழு."

அவர் நிமிர்ந்தார். பேனா காகிதத்தைத் தொடவில்லை.

"சரியாப் பாத்தியா?"

"தெல்ப்ரேல், எட்டுன்னா எட்டுன்னு சொல்லமாட்டேனா? ஏழுதான். வேணும்னா வந்து பாருங்க."

"வேணாம்," என்றார் அவர். எழுதினார்.

அந்த அம்மாள் குவளையைத் தரையில் கவிழ்த்துவிட்டு, பூண்டு சூப் அடுப்பில் இருக்கிறது, ஆறினால் மறுபடி சூடாக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். தெல்ப்ரேல் மை காயும்வரை நின்றார். பிறகு பதிவேட்டை மூடிக்கொண்டு பின்னால் போனார்.